செயற்கைக்கோளுக்கு ஒரு மெய்க்காப்பாளன்

தட்டுக்காரருக்கு இருபத்திரண்டு வருடமாக ஒரே வேலை. தினமும் காலை ஆறு நாற்பதுக்கு மேகநோக்கி என்கிற செயற்கைக்கோள் தலைக்கு மேலே போகும். வடக்கே குன்றுக்குப் பின்னால் எழும்பி, தெற்கே கடலுக்குள் இறங்கி மறைய அதற்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் இவர் தன்னுடைய பெரிய இரும்புத் தட்டை அதன் பின்னாலேயே திருப்பிக்கொண்டு போனால், வடக்கிலிருந்து தெற்காக, வரி வரியாக ஒரு மேகப் படம் இறங்கும். அதை அச்செடுத்துத் துறைமுகத்துக்கு அனுப்புவார். அங்கே அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். படகுக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, கடலுக்குப் போவதா, வீட்டுக்குப் போய்ப் படுப்பதா என்று முடிவு செய்வார்கள். அவ்வளவுதான் விஷயம். இதில் வீரமும் கிடையாது, வெங்காயமும் கிடையாது.

தட்டைத் தாங்குகிற பேரிங் தேய்ந்துபோய் ஆறு வருடம் ஆகியிருந்தது. புது பேரிங் கேட்டு ஒன்பது கடிதம் எழுதினார். ஒன்பதுக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. அதுவரைக்கும் சும்மா இருக்க முடியுமா? கையில் ஒரு கிரீஸ் டப்பாவோடு அலைந்தார். எந்த விசேஷத்துக்குப் போனாலும் மாமா வருவது வாசனையிலேயே தெரிந்துவிடுகிறது என்று மச்சான் கேலி செய்வான்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. சொந்தப் படகு வைத்திருந்தான். அவனோடு இன்னும் நான்கு பேர் போவார்கள். வானத்தைப் பார்த்து, காற்றை மோந்து மழை சொல்கிற ஆள் இல்லை அவன். மாமா அனுப்புகிற படத்தைத்தான் நம்புவான். படம் தெளிவாக இருந்தால் போவான், மேகம் சுருண்டிருந்தால் போகமாட்டான். ஐந்து பேருடைய உயிர் தன் கிரீஸ் டப்பாவில் இருக்கிறது என்பது தட்டுக்காரருக்குத் தெரியும். அதை அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது, எங்கேயோ ஒரு பெரிய நாடு தன்னுடைய பழைய செயற்கைக்கோள் ஒன்றைத் தானே சுட்டு உடைத்துப் பார்த்தது. உடனே தலைநகரத்தில் எல்லோருக்கும் தூக்கம் போய்விட்டது. அவர்களுடையதை அவர்களே சுடுகிறார்கள் என்றால், நம்முடையதைச் சுட எவ்வளவு நேரமாகும்? பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அன்றைக்குச் சாப்பிட வந்திருந்த மச்சான்கூட அதைத்தான் சொன்னான்.

"வீட்ல பொருள் இருந்தா பூட்டு வேணும்தானே மாமா. அதுக்குச் செலவு பண்றதுல என்ன தப்பு?"

தட்டுக்காரர் யோசித்துப் பார்த்தார். சரி என்றுதான் பட்டது. தலையாட்டினார். அவருடைய மனைவி மட்டும் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டே, பூட்டு வருவதற்கு முன்னால் கதவுக்குக் கீல் வாங்கச் சொல்லுங்கள் என்றாள். பேரிங்கைத்தான் சொன்னாள்.

மூன்றே மாதத்தில் பூட்டு வந்தது. விண்சொத்துப் பாதுகாப்பு இயக்ககம் என்று அதற்குப் பெயர். நாட்டுக்கு மொத்தம் இருந்ததே ஒரு செயற்கைக்கோள்தான். இயக்ககத்தில் இருநூற்றுப் பதினான்கு பேர். தட்டுக்காரர் வேலை செய்கிற ஓட்டுக்கூரை அறைக்கு வடக்கே அவர்களுக்காக மூன்று மாடிக் கட்டடம் எழுந்தது. அது எழுந்ததும், தட்டுக்குத் தெரிய வேண்டிய வானத்தில் ஒரு சாண் குறைந்துபோனது. அதைச் சுட்டிக்காட்டியபோது, அந்த ஒரு சாண் வழியாக எதிரியாலும் பார்க்க முடியாது அல்லவா என்று கேட்டார்கள்.

திறப்பு விழாவில் இயக்ககத்தின் தளபதி பேசினார். மார்பு நிறையப் பதக்கங்களும், எதையும் இரண்டு முறை சொல்லும் குரலும் உடையவர்.

"தெரிந்த எதிரியைவிடத் தெரியாத எதிரி ஆபத்தானவன். ஆகவே இந்த இயக்ககம் தன் முழு பலத்தையும் தெரியாத எதிரிமீதே செலுத்தும். இதுவரை அவனை யாருமே பார்த்ததில்லை. யாருமே பார்த்ததில்லை. அவன் எவ்வளவு திறமைசாலி என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?"

கைதட்டல் ஓய வெகுநேரமானது. தட்டுக்காரரும் தட்டினார். கையில் கிரீஸ் இருந்ததால் சத்தம் வரவில்லை.

மறுநாள் காலையில் அலமாரிக் கதவைத் திறந்தால், உள்பக்கம் ஒட்டியிருந்த இருப்பிடத் தாளைக் காணோம். மேகநோக்கி எந்த நிமிடம் எந்தக் கோணத்தில் இருக்கும் என்று வாராவாரம் வருகிற தாள் அது. கிழித்த இடத்தில் பசை மட்டும் மீதி இருந்தது. அதன்மேல் ஒரு சீட்டு: செயற்கைக்கோளின் இருப்பிடம் இனி இரகசியம்.

முதல் மாடியில் இரகசிய அலுவலர் இருந்தார். தணிந்த குரலில் பேசுகிற, உட்காரச் சொல்லிவிட்டுப் பேசுகிற அம்மா. ஒரு படிவத்தை நீட்டினார். "செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்று தங்களுக்கு ஏன் தெரிய வேண்டும்?" என்று அதில் கேட்டிருந்தது. "தட்டை அந்தப் பக்கம் திருப்புவதற்கு" என்று தட்டுக்காரர் எழுதினார். அதைப் படித்ததும் அலுவலரின் முகம் வெளிறிவிட்டது. தட்டு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் செயற்கைக்கோள் இருக்கிறது என்றால், தெருவில் போகிறவன்கூடக் கண்டுபிடித்துவிடுவானே. இருபத்திரண்டு வருடமாக நாட்டின் மிகப் பெரிய இரகசியத்தை இந்த மனிதர் ஓர் இரும்புத் தட்டை வைத்துக்கொண்டு ஊருக்கே சுட்டிக்காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

முதலில் தட்டைச் சுற்றி நான்கு ஆள் உயரத்துக்குத் திரை கட்டினார்கள். அப்புறம் ஏமாற்றுத் திசைகள் என்று ஓர் ஆணை வந்தது. மேகநோக்கி பக்கம் திரும்புவதற்கு முன்னால், தட்டு மூன்று பொய்யான திசைகளில் தலா கால்மணி நேரம் நிற்க வேண்டும். ஒற்றன் எவனாவது திரைக்குள் எட்டிப் பார்த்தாலும் குழம்பிப் போவான். மூன்று திசைகளையும் தட்டுக்காரரே எழுதித் தர வேண்டும் என்றார்கள்.

முதல் திசைக்கு மலைக்கோபுரத்தை எழுதினார். இரண்டாவதுக்குக் கலங்கரை விளக்கம். மூன்றாவதுக்கு ஒன்றும் தோன்றவில்லை. காலை ஆறு இருபதுக்குப் பக்கத்து நாட்டுச் செயற்கைக்கோள் ஒன்று அதே வானத்தில் வடக்கிலிருந்து தெற்காகப் போகும். பழைய நாளில் யாரோ அதன் நேரத்தையும் கோணத்தையும் சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்கள். சோம்பல்பட்டு அதையே எழுதிக் கொடுத்துவிட்டார். இரகசிய அலுவலர் அதைப் படித்துவிட்டு முதல் முறையாகச் சிரித்தார். நாம் அவர்களைப் பார்ப்பதாக அவர்கள் நினைத்துக் குழம்பட்டும், நல்ல யோசனை என்று பாராட்டி, அடியில் முத்திரை குத்தினார்.

ஏமாற்று வேலை ஐந்து ஐம்பதுக்குத் தொடங்கி ஆறு முப்பத்தைந்துக்கு முடியும். தேய்ந்த பேரிங்கில் தட்டு முனகிக்கொண்டே வடக்குப் பக்கம் வந்து சேர்வதற்குள் ஆறு நாற்பத்தாறு ஆகிவிடும். மேகநோக்கி அதற்குள் பாதி வானத்தைக் கடந்திருக்கும். இன்னும் கொஞ்சம் முன்னதாகத் தொடங்கலாமா என்று கேட்டார். நேரம் ஆணையில் அச்சாகிவிட்டது என்றார்கள்.

அன்றைக்குத் துறைமுகத்திலிருந்து மச்சான் போன் செய்தான்.

"மாமா, படத்துல மேல் பாதி எங்க?"

வந்துவிடும், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று இவர் சமாளித்தார். கீழ்ப் பாதி தெளிவாகத்தான் இருக்கிறது, மேல் பாதி எப்படி இருந்தால் என்ன என்று மச்சான் கடலுக்குப் போய்விட்டான். அவன் திரும்பி வந்து போன் செய்கிறவரை தட்டுக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

இந்த நிலைமையில்தான் மெய்க்காப்பாளன் மேலே போனான். மேகநோக்கியைக் காவல் காப்பதற்கென்றே செய்த தனிச் செயற்கைக்கோள். எரிபொருளைத் தாராளமாக நிரப்பி, வாத்தியங்கள் முழங்க அனுப்பி வைத்தார்கள். அதன் வேலை சுலபம். மேகநோக்கிக்கு அருகிலேயே போய் நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு பறக்க வேண்டும். இதைப் பார்த்துக்கொள்ள மூன்றாம் மாடியில் நெருங்கல் பிரிவு என்று ஒன்று அமைந்தது. மெய்க்காப்பாளன் என்று ஒருவன் இருப்பதே இரகசியம் என்பதால், இரண்டாம் மாடிக்கு அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் மாடியில் இருந்தது விலகல் பிரிவு. அவர்கள் வேலையும் சுலபம்தான். அடையாளம் தெரியாத எந்தப் பொருளாவது மேகநோக்கியை நெருங்கினால், மேகநோக்கியை உடனே தள்ளிப் போகச் சொல்ல வேண்டும்.

மெய்க்காப்பாளன் நெருங்கினான். இரண்டாம் மாடியில் மணி அடித்தது. அடையாளம் தெரியாத பொருள் வருகிறது என்று பதறி, மேகநோக்கியைத் தள்ளிப் போகச் சொன்னார்கள். மூன்றாம் மாடியில் இருந்தவர்கள், காக்க வேண்டிய பொருள் கைவிட்டுப் போகிறதே என்று பதறி, மெய்க்காப்பாளனிடம் அதை விரட்டிப் பிடிக்கச் சொன்னார்கள். விரட்டிக்கொண்டு வருகிற பொருள் நல்லதற்கா வரும் என்று இரண்டாம் மாடி இன்னும் வேகமாக ஓடச் சொன்னது. நாட்டின் ஒரே செயற்கைக்கோள், நாட்டின் ஒரே மெய்க்காப்பாளனுக்குப் பயந்து வானம் பூராவும் ஓடிக்கொண்டிருந்தது.

இது தெரிந்த ஒரே மனிதர் தட்டுக்காரர். மேகநோக்கி ஒவ்வொரு முறை நகரும்போதும் அவருக்குப் புது இருப்பிடத் தாள் வேண்டும். அதற்கு இரண்டாம் மாடியில் கையெழுத்து, மூன்றாம் மாடியில் மேலொப்பம். இரண்டாம் மாடிக் கரும்பலகையில் "இன்று மூன்று முறை தப்பினோம்" என்று எழுதியிருப்பார்கள். ஒரு மாடி ஏறினால், "இன்று மூன்று முறை எட்டிப் பிடித்தோம்" என்று இருக்கும். ஒரு வாரம் இரண்டையும் பார்த்துவிட்டு, எட்டாம் நாள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். கூடவே இன்னொன்றும் அவருக்குத் தெரியும். படத்தின் ஓரத்தில் மேகநோக்கியின் எரிபொருள் அளவு வரும். பத்து வருடத்துக்கு வர வேண்டியது பாதிக்குக் கீழே போயிருந்தது.

இரண்டாம் மாடியில் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் மாடியைப் பற்றிப் பேச உங்களுக்கு அனுமதி உண்டா என்று கேட்டார்கள். மூன்றாம் மாடியில் சொன்னார். இரண்டாம் மாடியைப் பற்றிக் கேட்க எங்களுக்கு அனுமதி இல்லை என்று காதைப் பொத்திக்கொண்டார்கள். இரண்டு பிரிவும் அந்த மாதம் பதக்கம் வாங்கின, ஒன்று தப்பித்ததற்கு, இன்னொன்று பிடித்ததற்கு.

கடைசியில் தளபதியையே பார்த்தார். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். நடுவில் குறிப்புக்கூட எடுத்துக்கொண்டார்.

"இது எதிரிக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். நம்ம ஆளுங்களுக்கே தெரியாது."

"அப்ப இரகசியம் காப்பாத்தப்பட்டிருக்கு. நல்லது. நீங்க போகலாம்."

நாற்பத்து மூன்றாவது தப்பித்தலோடு மேகநோக்கியின் எரிபொருள் தீர்ந்தது. அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுழன்று, சூரியனுக்கு முதுகைக் காட்டி, இரண்டு நாளில் அணைந்துபோனது. மூன்றாம் மாடியில் ஒரே சந்தோஷம். மெய்க்காப்பாளனால் முதல் முறையாக நகராமல் பக்கத்திலேயே நிற்க முடிந்தது. தளபதி மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில், இனி எந்த எதிரியாலும் மேகநோக்கிக்கு ஒரு தீங்கும் செய்ய முடியாது என்று இருந்தது. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

தட்டுக்காரரை இரகசிய அலுவலர் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். படம் நின்றுபோனால் கோள் செத்தது வெளியே தெரிந்துவிடும் என்றார். ஆகவே இன்றிலிருந்து, போன வருடம் இதே தேதியில் எடுத்த படத்தைத் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்குத் தொடர்ச்சிப் படம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"மேடம், அதைப் பார்த்துட்டுத்தான் படகுக்காரங்க கடலுக்குப் போவாங்க."

"போன வருஷம் இதே தேதியில கடல்ல யாராவது செத்தாங்களா?"

"இல்ல மேடம்."

"அப்புறம் என்ன? டீ ஆறுது பாருங்க."

இரண்டு நாள் அவர் தொடர்ச்சிப் படம் அனுப்பினார். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசும். இரண்டு நாளும் முழுப் படம். மேல் பாதி திரும்பி வந்துவிட்டதே என்று மச்சான் போனில் குஷியாகச் சொன்னான். மாமாவை நம்பினால் வீண் போகாது என்றான். அன்று வீட்டில் தட்டுக்காரர் சாப்பிடவில்லை. மனைவி கேட்டபோது மழுப்பினார். அவள் விடவில்லை. இருப்பதை அப்படியே சொல்லிவிட்டார். அவள் கோபப்படவில்லை, அழவில்லை.

"என் தம்பி போன வருஷத்துக் கடல்லயா போறான்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் காலை வழக்கம்போலத் தட்டைத் திருப்பினார். கோள் செத்தாலும் ஏமாற்றுத் திசை ஆணையை யாரும் ரத்து செய்யவில்லை. ஐந்து ஐம்பதுக்கு மலைக்கோபுரம். ஆறு ஐந்துக்குக் கலங்கரை விளக்கம். ஆறு இருபதுக்குப் பக்கத்து நாட்டுக் கோளின் பாதை. முத்திரை குத்திய ஆணை கையில் இருக்கிறது, தட்டு அந்தப் பாதையில்தான் திரும்ப வேண்டும். படத்தை வாங்குகிற கருவியை அணைத்து வைக்க வேண்டும் என்று ஆணையில் எங்கேயும் இல்லை. மெதுவாக அதன் பொத்தானைத் தட்டினார்.

வரி வரியாகப் படம் இறங்கியது. மேலிருந்து கீழ்வரை, துளி விடாமல், இன்றைய கடல், இன்றைய மேகம். பக்கத்து நாட்டுக்காரர்கள் அதைப் பூட்டி வைத்திருக்கவில்லை. தட்டு வைத்திருக்கிற யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வானத்தில் சும்மா இறைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். தட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, படத்தின் வலது மூலையில் இருந்த பக்கத்து நாட்டுச் சின்னத்தை நறுக்கிவிட்டு, துறைமுகத்துக்கு அனுப்பினார்.

அப்புறம் தினமும் இதுதான் நடந்தது. மூலையில்லாத படம் பலகையில் ஏறியது. மூலை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மேல் பாதியே இல்லாமல் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு மூலை பெரிய விஷயமா?

பத்தொன்பதாம் நாள் படத்தில், கடலுக்கு நடுவில் மேகம் சுருண்டு சுருண்டு, நடுவில் கண்ணோடு உட்கார்ந்திருந்தது. தட்டுக்காரர் அதை அனுப்பிவிட்டு, சந்தேகத்துக்கு மச்சானுக்கும் போன் செய்தார். அவன் அதற்குள் கயிற்றைத் திரும்பக் கட்டியிருந்தான். ஒரு படகும் போகவில்லை. அடுத்த நாள் மத்தியானம் புயல் வந்தது. ஊரில் கூரைகள் பறந்தன, மரங்கள் விழுந்தன. தட்டைச் சுற்றிய இரகசியத் திரை பறந்துபோய் மூன்று தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தை மூடியது. ஆனால் கடலில் ஒருவரும் இல்லை. ஒருவரும் சாகவில்லை. மச்சான் வீட்டுக்கு வந்து மாமாவின் கிரீஸ் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

செயற்கைக்கோள் ஊரைக் காப்பாற்றியது என்று பத்திரிகைகள் எழுதின. தளபதிக்குக் கோள் செத்தது தெரியும், தொடர்ச்சிப் படம் போவதும் தெரியும். தட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"போன வருஷப் படத்துல புயல் இருந்துச்சா?"

தட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. தளபதி அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். எழுந்து ஜன்னலுக்குப் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"பார்த்தீங்களா? கோள் இல்லாமலே நம்ம இயக்ககம் வேலை செய்யுது."

அடுத்த மாதம் தலைநகரத்திலிருந்து நிதிக் குழு வந்தது. இயக்ககத்துக்கு ஒதுக்கீட்டை இரண்டு மடங்காக்குவதா என்று பார்க்கத்தான் வருகிறார்கள். மேடையில், புயல் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். வெட்டுப்பட்ட மூலைக்கு மேல் இயக்ககத்தின் கொடியைத் தொங்கவிட்டிருந்தார்கள். தட்டுக்காரருக்குப் பதக்கம் உண்டு என்றார்கள். பதக்கம் வாங்கியதும் இரண்டு வார்த்தை பேச வேண்டும். அந்த இரண்டு வார்த்தையையும் இரகசிய அலுவலர் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார்: "நன்றி. இரகசியம் காப்பேன்."

தளபதி பேசினார். நாற்பத்து மூன்று தாக்குதல்களை முறியடித்திருக்கிறோம் என்றார். கண்ணாடி போட்ட ஓர் உறுப்பினர் மட்டும், தாக்கியது யார் என்று கேட்டார். அது தெரிந்திருந்தால் தாக்கவே விட்டிருக்க மாட்டோம் என்று தளபதி சொன்னார். அந்த உறுப்பினர் அதை எழுதிக்கொண்டார். பிறகு தளபதி அடுத்த திட்டத்தை அறிவித்தார்.

"இவ்வளவு நாள் நாம் தற்காத்தோம். இனி அடிக்க வேண்டும். அடிக்க வேண்டும். ஆயுதம் ஏந்திய இரண்டாவது மெய்க்காப்பாளன் தயாராகிறான். தினமும் காலை ஆறு இருபதுக்கு நம் தலைக்கு மேல் திமிரோடு உலவுகிற அந்தப் பக்கத்து நாட்டுக் கோளே அவனுடைய முதல் குறி."

ஆறு இருபது. மச்சானும் அந்த நான்கு பேரும், துறைமுகத்துப் பலகைக்கு முன்னால் தினமும் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிற அத்தனை பேரும் அந்த ஆறு இருபதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள். தட்டுக்காரர் பெயரை அழைத்தார்கள். பதக்கத்தைக் குத்தினார்கள். ஒலிபெருக்கி முன்னால் நிறுத்தினார்கள். அட்டை கையில் இருந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் படம் நம்மது இல்ல. நம்ம கோள் செத்து ரெண்டு மாசம் ஆகுது. நம்ம காவல்காரனுக்குப் பயந்து ஓடியே செத்துச்சு. இது பக்கத்து நாட்டுக் கோள் எடுத்தது. இதைத்தான் நீங்க சுடப் போறீங்க. சுட்டுட்டா படகுக்காரங்களுக்குப் பார்க்க எதுவும் இருக்காது. நீங்க வேணா அந்தக் கொடியைத் தூக்கிப் பாருங்க, மூலையை நான்தான் வெட்டினேன்."

யாரோ கொடியைத் தூக்கினார்கள். மூலை இல்லை. தளபதி ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து மெதுவாகக் குடித்தார். முழுக் குவளையும் காலியானபோது அவருக்கு வழி கிடைத்திருந்தது.

"உறுப்பினர்களே, இவர் சொன்னதைக் கேட்டீர்கள். நம் கடற்கரையின் உயிர்நாடி, காவலே இல்லாமல், யாரோ ஒரு நாட்டின் கவனக்குறைவில் பறந்துகொண்டிருக்கிறது. நாளைக்கே அதை யாராவது சுட்டுவிட்டால் என்ன ஆவது? நல்லவேளை, நம்மிடம் அனுபவம் வாய்ந்த மெய்க்காப்பாளன் இருக்கிறான். இன்று முதல் அவன் அந்தக் கோளைக் காப்பான். ஆனால் அது அவர்களுக்குத் தெரியக் கூடாது. தெரியக் கூடாது."

நிதிக் குழு எழுந்து நின்று கைதட்டியது. ஒதுக்கீடு மூன்று மடங்கானது. காக்க வேண்டிய கோள்கள் இப்போது இரண்டு ஆயிற்றே, செத்தது ஒன்று, அடுத்தவனுடையது ஒன்று. தட்டுக்காரர் மேடையை விட்டு இறங்கும்போது, சட்டையில் பதக்கமும் கையில் குற்றக் குறிப்பாணையும் இருந்தன. இரகசியத்தை வெளியிட்டதற்காக விசாரணை நடக்கும். அது முடியும்வரை வேலையில் தொடரலாம், ஏனென்றால் அந்தத் தட்டுக்கு கிரீஸ் போட வேறு ஆள் கிடையாது. பேரிங் பற்றி அவர் பத்தாவது கடிதம் எழுதினார். பரிசீலனையில் உள்ளது.

மூன்று வாரம் படம் ஒழுங்காக இறங்கியது. கூட்டத்தில் பேசியது வீண் போகவில்லை என்று தட்டுக்காரர் நினைத்துக்கொண்டார். சுடாமல் விட்டார்களே, அது போதும். பக்கத்து நாட்டிலும் தன்னைப் போல ஒரு தட்டுக்காரன் இருப்பான், அவன் கையிலும் கிரீஸ் இருக்கும் என்று சில காலைகளில் தோன்றும். அவனுக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லிக்கொள்வார்.

நான்காவது வாரம் திங்கட்கிழமை, சுவரில் பென்சிலால் எழுதியிருந்தபடி சரியாக ஆறு இருபதுக்குத் தட்டை வடக்கே நிறுத்தினார். ஒன்றும் வரவில்லை. கோணத்தைச் சரிபார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே தள்ளிக்கொண்டு போனார். பாதி வானத்தில் அகப்பட்டது. கோள் ஆறு நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டிருந்தது. இருபத்திரண்டு வருடமாகச் சுவரில் இருக்கிற நேரம், ஒரு நாளும் தப்பியதில்லை.

அவர் எழுந்து வெளியே வந்து மூன்று மாடிக் கட்டடத்தைப் பார்த்தார். மூன்றாம் மாடி ஜன்னல் வழியாகக் கரும்பலகை தெரிந்தது. "இன்று ஒரு முறை எட்டிப் பிடித்தோம்." எல்லைக்கு அந்தப் பக்கமும் ஒரு இரண்டாம் மாடி திறந்துவிட்டார்கள் என்று அவருக்குப் புரிந்தது. அங்கேயும் மணி அடித்திருக்கும். அங்கேயும் யாரோ பதக்கத்துக்கு அளவு கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

வந்தவரை படத்தை அச்செடுத்தார். மூலையை வெட்டினார், அனுப்பினார். கால்மணி நேரத்தில் போன் அடித்தது. பின்னால் படகு எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"மாமா, கிளம்பிட்டிருக்கோம். மறுபடியும் மேல் பாதியைக் காணோமே, எங்க போச்சு?"

தட்டுக்காரர் கையைத் துணியில் துடைத்தார். கிரீஸ் போகவில்லை.

"அதைப் பாதுகாக்கப் போயிருக்காங்க மச்சான். நீ எஞ்சினை நிறுத்து."